விரதம் பிடித்தவனைப் பூட்டினார்கள்

இந்த நாட்டில் திருநீற்றை நாய் மணந்து பார்க்கும். லண்டனுக்கு வெளியே, விமானநிலையத்துக்குப் பக்கத்திலுள்ள தடுப்பு முகாமுக்கு நான் போகும் ஒவ்வொரு தரமும் கோயில் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைப்பார்கள், போதைமருந்து தேடும் நாய் வந்து மூக்கை நீட்டும். முருகா, அதுவும் உன்ரை பிள்ளைதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

நான் பார்க்கப் போவது நிரோசனை. ஒட்டுசுட்டான் பெடியன், கலியாண வயசு. அகதி விண்ணப்பத்தை மறுத்து, பிடித்து அடைத்திருக்கிறார்கள். ஒரு குற்றமும் செய்யாதவன். எப்போது விடுவார்கள் என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. நான் வட்டக்கச்சிக்காரி, எட்டாம் வகுப்போடு நின்றவள். சட்டம் தெரியாது. போயிருந்து கதைப்பேன், அவனுடைய லோயருக்கு ரெலிபோன் எடுப்பேன், அவ்வளவுதான்.

போன கந்தசஷ்டிக்கு அவன் விரதம் பிடித்தான். சிலர் பாலும் பழமும் எடுப்பார்கள். அவன் தாயின் வழக்கப்படி ஆறு நாளும் வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் நான் போனபோது அவனைத் தனி அறையில் பூட்டியிருந்தார்கள். சாப்பாட்டைத் தொடவில்லையாம், அதனால் இது போராட்டமாம்.

"அவருடைய கோரிக்கை என்ன?" என்று அதிகாரி மரியாதையாகக் கேட்டார்.

"கோரிக்கை முருகனிடம். உங்களிடம் இல்லை" என்றேன், எனக்குத் தெரிந்த இங்கிலிசில்.

"முருகன் யார்? அவரும் இங்கேதான் இருக்கிறாரா?"

"ஓம், உள்ளேதான் இருக்கிறார்" என்றேன். வேறென்ன சொல்ல?

அடுத்த நாள் அவனுக்குப் பிணை விசாரணை. சாப்பிட மறுக்கிறவரைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். லோயரும், ஒரு வாய் சாப்பிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். கொஞ்ச நேரம் பார்க்க விட்டார்கள். பெடியன் சிரித்தபடி இருந்தான்.

"அன்ரி, எங்கடை ஊரிலை யானை வந்தால் வெடி கொளுத்துவம். இவையளுக்கு என்னத்தைக் கொளுத்திறது?"

"வாயை மூடடா, வெடியெண்டால் அதுக்கும் ஒரு விசாரணை வைப்பினம். தம்பி, ஒரு வாய் சாப்பிடன். நாளைக்கு வெளியிலை வரலாம்."

அவன் சிரிப்பு நின்றது. "அம்மாவும் எனக்காகத்தான் அங்கை பிடிக்கிறா. நான் இஞ்சை விட்டால் அவா தனிச்சுப் போவாவெல்லோ?"

வெளியே வந்து லோயருக்கு ரெலிபோன் எடுத்து, அவன் சாப்பிடமாட்டான் என்றேன். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள்.

சண்டை முடிந்து வவுனியாவில் முள்ளுக்கம்பிக்குள் எங்களை அடைத்திருந்த வருசமும் நான் சஷ்டி பிடித்தேன். சாப்பிட்டாயோ என்று காவலுக்கு நின்ற ஆமிக்காரன் கேட்கவில்லை. இங்கே வேளாவேளைக்குக் கேட்கிறார்கள், பதிலை எழுதுகிறார்கள், 'பிளீஸ்' என்று சொல்லிப் பூட்டுகிறார்கள். எந்தப் பாசையில் பூட்டினாலும் உள்ளே இருக்கிறவனுக்குப் பூட்டுத்தானே! சாமி கும்பிட்டதற்குத் தண்டனை என்றால் அதை நீதி என்று சொல்ல என் நாக்கு வளையாது.

எங்கள் ஆட்கள் மட்டும் திறமோ? சூரன்போர் அன்று லண்டன் கோயில் வீதியில் ஒரு பெண் கேட்டாள்: "களவாய் வந்தவனுக்காக ஏனக்கா அலையிறியள்?"

"நீங்கள் என்ன, கொடி ஆலவட்டத்தோடையோ வந்தனீங்கள்?" என்றேன். சூரன் தலை விழுந்தது. எல்லாரும் அரோகரா சொன்னார்கள். அவளும் சொன்னாள். விசா கையில் கிடைத்ததும் வந்த வழி மறந்துபோகிறது எங்களுக்கு.

மறுநாள் காலை பாறணை. விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாள். இங்கே விடிந்தபோது ஒட்டுசுட்டானில் மத்தியானம். நிரோசனின் தாய் ரெலிபோன் எடுத்தா.

"பிள்ளை வாய் நனைச்சிட்டானோ, தங்கச்சி?"

"தெரியேல்லையக்கா. நீங்கள் சாப்பிடுங்கோ."

"காகத்துக்கு வைச்சிட்டன். அவன் சாப்பிட்டான் எண்டு நீங்கள் சொல்லுங்கோ, பிறகு நான் சாப்பிடுறன்."

அவாவை அப்படியே லைனில் வைத்துக்கொண்டு, என் மகளின் ரெலிபோனில் முகாமுக்கு அடித்தேன். பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாட்டைப் போட்டார்கள். ஒரு காதில் அந்தப் பாட்டு. மற்றக் காதில் ஒட்டுசுட்டான் காகம். நடுவில் நான், முன்னால் ஆறிக்கொண்டிருக்கும் என் பாறணைச் சோறு.