குளிச்சிட்டு இறங்குங்கோ

குளிக்க வாற சனத்தைப் பாத்து "குளிச்சிட்டு வாங்கோ" எண்டு சொல்லுறதுதான் என்ரை தொழில்.

சிரியாதேங்கோ. லுட்சேர்ண் பக்கத்திலை ஒரு ஹாலன்பாட்டிலை, அதுதான் கூரை போட்ட நீச்சல்குளத்திலை, கனகாலமா நிக்கிறன். உடுப்பு மாத்திற அறை கழுவுறது, வடிகாலிலை சிக்கின தலைமயிர் எடுக்கிறது, ஒற்றைச் சொக்ஸுக்குச் சொந்தக்காரரைத் தேடுறது எல்லாம் நான்தான். ஆனா பெரிய பாடு என்னெண்டால், ஆக்களைத் தண்ணிக்கை விட முதல் சவருக்குக் கீழை அனுப்புறதுதான். ஊருக்குப் புத்தி சொல்லிச் சம்பளம் வாங்கிற ஆக்கள், வாத்திமார், நேர்ஸ்மார், பஸ்ஸிலை ரிக்கெற் பாக்கிறவை, உங்களுக்கு என்ரை வயித்தெரிச்சல் விளங்கும். உங்களை நம்பித்தான் இதை எழுதுறன்.

நனையாத தலை

கிழமை தவறாமல் வாற ஒரு பெரிய மனுசன் இருக்கிறார். சென்ற் வாசம் முன்னாலை வரும், ஆள் பின்னாலை வருவார். தலை எப்பவும் காஞ்சுதான் இருக்கும். நான் வழமைபோலை சிரிச்சுக்கொண்டு, ஒரு கையாலை சவரைக் காட்டி, "பிற்ற, சுவேர்ஸ்ற் டூஷே" எண்டன். தயவுசெய்து முதல்லை குளியுங்கோ எண்டு அர்த்தம். இதை நான் நித்திரையிலையும் சொல்லுறனாம், என்ரை மனுசன் முறைப்பாடு.

அவர் என்னை மேலையும் கீழையும் பாத்தார். படிச்ச மனுசன், கோவிக்கேல்லை. சின்னப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கிறமாதிரி ஆறுதலாத்தான் சொன்னார்: "நான் குளிக்கத்தானே தண்ணிக்கை இறங்கிறன், பிறகேன் அதுக்கு முதல் குளிக்கவேணும்?"

எங்கடினிலை ஒரு ஜப்பான்

கலாவும் சாந்தியும் எம்மன்புரூக்கேயிலை எனக்கு அயல். கலாவுக்கு ஃபக்டறியிலை வேலை, வாய்க்கு மட்டும் லீவில்லை. சாந்தி ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையிலை நிக்கிறாள். எங்கடை குளத்திலை புதன்கிழமை பின்னேரம் பொம்பிளையளுக்கு மட்டும் எண்டு ஒரு நேரம் இருக்கு. நாப்பது வயசுக்குப் பிறகு அதிலைதான் சாந்தி நீந்தப் பழகினவள். மல்லாந்து படுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கரையிலை இருந்து மற்றக் கரைக்குப் போவாள். பாத்துக்கொண்டு நிக்க எனக்குப் பெருமையா இருக்கும்.

பிறகு அவளுக்கு மார்பிலை கட்டி எண்டு கண்டுபிடிச்சு, ஒரு பக்கத்தை எடுத்துப்போட்டினம். இப்ப எல்லாம் சுகம் எண்டு டொக்டர் சொல்லியாச்சு. ஆனா சாந்தி குளத்துப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. வீட்டிலை சவர் எடுக்கேக்கையும் கண்ணாடிக்கு மேலை துவாயைத் தொங்கவிடுறனான் எண்டு ஒருக்காச் சொன்னாள். புதன்கிழமை வந்தால் எனக்கு வேலையே ஓடாது. வாசலைத்தான் பாத்துக்கொண்டு நிப்பன்.

படுக்கையிலை கிடந்த காலத்திலை அவள் ஃபோனிலை பாத்ததெல்லாம் ஜப்பான். அந்தச் சனம் சமைக்கிறது, கூட்டுறது, ஒரு பொட்டலம் கட்டுறது. "ஒருக்காப் போய்ப் பாக்கவேணும்" எண்டாள். அவ்வளவு தூரம் பிளேன் இப்ப வேண்டாம் எண்டு டொக்டர் மறிச்சுப்போட்டார். கலா விடுவாளோ? எங்கடின் எண்ட மலைப்பக்கத்திலை ஒரு சின்ன ஊரிலை ஜப்பான்காரி ஒருத்தி, சுவிஸ்காரத் தச்சரைக் கட்டி, தங்கடை நாட்டு முறையிலை விடுதி நடத்துறா எண்டு கண்டுபிடிச்சாள். தேத்தண்ணிச் சடங்கு, சாப்பாடு, பாய் நித்திரை, மரத்தொட்டியிலை சுடுதண்ணிக் குளிப்பு. மூண்டு பேரும் மனுசன்மாரைச் சோத்துப் பானையோடை விட்டிட்டு வெளிக்கிட்டம்.

கூர் ஸ்ரேசனிலை சிவப்பு றெயினுக்கு மாறினம். மலையைச் சுத்திச் சுத்தி ஏறிச்சுது. "எடி, இதே ஊர் திரும்பவும் வருது, றைவருக்கு வழி தெரியேல்லைப் போலை" எண்டு கலா பதறினாள். பிறகு இடியப்பப் பெட்டியைத் திறந்துகொண்டு, ஃபோனிலை விடுதியின்ரை ஒழுங்குமுறையைச் சத்தமா வாசிச்சாள். குளிக்கேக்கை நீச்சல் உடுப்புப் போடக்கூடாதாம், ஒண்டுமே போடக்கூடாதாம்! நல்லகாலம், அந்த றெயின் பெட்டியிலை தமிழ் தெரிஞ்ச சனம் இல்லை. எனக்கு இது முதலே தெரியும், வாயைத் திறக்கேல்லை. அந்தத் தண்ணியிலையாவது சாந்தி இறங்கமாட்டாளோ எண்டு ஒரு நப்பாசை. சாந்தி சம்பல் கையைத் துடைச்சுப்போட்டு எங்கள் ரெண்டு பேரையும் பாத்தாள்.

"நான் தேத்தண்ணி குடிப்பன், சாப்பிடுவன், பாயிலை படுப்பன். குளிக்கமட்டும் மாட்டன். ஒருத்தரும் என்னைக் கேக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்."

வாசலைப் பாத்த சப்பாத்துகள்

விடுதிக்காரியின்ரை பேர் நொரிக்கோ. எங்களைவிட வடிவா சுவிஸ் ஜேர்மன் கதைக்கிறா. வாசலிலை சப்பாத்தைக் கழட்டச் சொன்னா. "உது எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை" எண்டு கலா நெஞ்சை நிமித்தினாள். எங்கடை சனம் மண்டப வாசலிலை எப்பிடிக் கழட்டுமோ, அப்பிடியே கழட்டினம். ஒண்டு கிழக்கை, ஒண்டு மேற்கை, ஒண்டு கவிண்டு.

உள்ளை போய் பையை வைச்சிட்டுத் திரும்பிப் பாத்தால், மூண்டு சோடியும் ஒரே வரிசையிலை, நுனி வாசலைப் பாத்து நிக்குது. சேறும் துடைச்சிருக்கு. மனுசி எப்ப செய்தாவெண்டே தெரியாது, ஒரு சத்தமில்லை. கலாவுக்கு முகம் விழுந்துபோச்சு. "வந்து அஞ்சு நிமிசமாகேல்லை, சப்பாத்தைத் திருப்பி வைச்சுப்போட்டா. எங்களை வெளிக்கிடச் சொல்லுறாவோ? இடியப்பம் மணத்திட்டுதோ?" எண்டாள். எனக்கும் லேசாச் சந்தேகம். கடைசியிலை சாந்திதான் போய்க் கேட்டாள். நொரிக்கோ வாயைக் கையாலை மூடிக்கொண்டு சிரிச்சா. பிறகு சொன்னா:

"நீங்கள் போகேக்கை குனிஞ்சு தேடிக் கரைச்சல்படக் கூடாது. அதை வரேக்கையே செய்து வைக்கிறதுதான் எங்கடை வழக்கம்."

பால் எப்ப வரும்

நானும் துப்புரவுக்காரிதான், ஆனா இப்பிடி ஒரு நிதானத்தை என்ரை சீவியத்திலை பாக்கேல்லை. தேத்தண்ணி போட எடுத்த நேரத்திலை நான் ஒரு மாடி கழுவியிருப்பன். ஏற்கெனவே மினுங்கிற கோப்பையை எங்களுக்கு முன்னாலை திரும்பவும் துடைச்சா. துடைச்ச துணியை மடிச்ச விதமே ஒரு வடிவு. ஒரு மூங்கில் தும்பாலை பச்சைத் தூளை அடிச்சு நுரைப்பிச்சா. சாந்தி கண் வெட்டாமல் பாத்துக்கொண்டிருந்தாள். ஃபோனிலை பாத்ததை நேரிலை பாக்கிற சந்தோசம் அவளின்ரை முகத்திலை அப்பிடியே தெரிஞ்சுது. அவளை அப்பிடிப் பாத்துக் கனநாள்.

முதல்லை ஒரு இனிப்புத் தந்தா. கலா கடிச்சிட்டு, "எடி, இது கொழுக்கட்டையின்ரை உள்ளுடன்!" எண்டு கத்தினாள். உண்மைதான், அவிச்ச பயறும் சீனியும் மாதிரித்தான். பிறகு கோப்பையை ரெண்டு கையாலையும் ஏந்தி, கொஞ்சம் திருப்பிக் குடிக்கவேணும். சரியான கைப்பு. எனக்கு வேப்பம்பூ வடகம் விருப்பம், அதாலை பிடிச்சுக்கொண்டுது. முழங்காலை மடிச்சு இருந்து விறைச்சு, கால் ரெண்டும் செத்துப்போய் இருந்த கலாவைப் பாத்து, "எப்பிடி இருக்கு?" எண்டு நொரிக்கோ பக்குவமாக் கேட்டா. கலா மரியாதையாத் தலையைக் குனிஞ்சு சொன்னாள்:

"நல்லா இருக்கு. பால் எப்ப வரும்?"

என்ரை சொல் எனக்கே

இராச்சாப்பாட்டுக்கு முதல் குளிக்கிறது அவையின்ரை முறை. "தண்ணி சுடச்சுட இருக்கு, விருப்பமானவை வரலாம்" எண்டு பொதுவாச் சொல்லிப்போட்டு நொரிக்கோ போயிட்டா. சாந்தியை நெருக்கேல்லை. எங்கடை ஆக்களெண்டால் இதுக்குள்ளை நாலுதரம் கையைப் பிடிச்சு இழுத்திருப்பம். நானும் கலாவும் வெளிக்கிட, சாந்தி விடுதியிலை தந்த பருத்தி அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலை வந்தாள். "தொட்டியைப் பாக்கத்தான் வாறன்" எண்டாள். "ஓம், வந்து பார்" எண்டன்.

நல்ல மரவாசம். ஆவிக்குள்ளாலை சன்னல் தெரியுது, சன்னலுக்கு வெளியாலை வெள்ளை மலை. என்ரை கண் தன்பாட்டுக்கு வடிகாலுக்குப் போச்சுது. ஒரு தலைமயிர்? மருந்துக்கும் இல்லை. சின்ன மர முக்காலிகளும் வாளிகளும் ஒரே பக்கம் பாத்து அடுக்கியிருக்கு. நொரிக்கோவின்ரை தமக்கை, ஜப்பானிலை இருந்து வந்து நிக்கிறவ, ஒரு முக்காலியிலை இருந்து சவர்க்காரம் போட்டுக்கொண்டிருந்தா. அறுபது வயசிருக்கும். எங்களுக்குத் தலையைக் குனிஞ்சு வணக்கம் சொல்லிப்போட்டுத் தன்ரை காலைத் தேய்க்கத் தொடங்கினா. வேறையொரு பக்கமும் பாக்கேல்லை.

அங்கைதான் எனக்கு ஒண்டு உறைச்சுது. என்ரை வேலையே பாக்கிறது. ஆர் வழுக்கிறாள், ஆர் ஓடுறாள், ஆற்ரை தலை நனையேல்லை எண்டு நாள் முழுக்க ஆக்களைப் பாக்கிற கண் இது. இந்தக் கண் சாந்தியிலை பட்டால் அவள் அப்பிடியே திரும்பி ஓடிடுவாள். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கையாவது போகவேணும். எங்கை போறது? அவசரத்திலை அங்கியைக் கழட்டி எறிஞ்சிட்டு நேரை தொட்டிக்கை இறங்கி, கழுத்துமட்டும் அமிழ்ந்து, மலையைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன். கலா பின்னாலை இருந்து "வதனி! எடி வதனி!" எண்டு கூப்பிடுறாள். நான் திரும்பேல்லை, மலையை ரசிக்கிறனாம்.

ஆரோ என்ரை தோளிலை மெல்லத் தட்டிச்சினம். துவாய் கொண்டுவந்த நொரிக்கோ. அதே சிரிப்பு, ஒரு கையாலை முக்காலியைக் காட்டுற அதே சைகை. கண்ணாடியிலை என்னைப் பாக்கிறமாதிரி இருந்துது. ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னா:

"பிற்ற, சுவேர்ஸ்ற் டூஷே."

முதுகுக்கு ரெண்டு கை

சாந்தி சிரிக்கத் தொடங்கினாள். என்ன சிரிப்பெண்டுறியள்! சுவரைப் பிடிச்சு, வயித்தைப் பிடிச்சு, "ஐயோ கடவுளே, இவளையே பிடிச்சுப்போட்டினம்" எண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாள். நான் தோய்ஞ்ச கோழி மாதிரி ஏறி வந்து முக்காலியிலை குந்தினன். அவமானம்தான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்! இன்னும் நாலுதரம் குளிக்காமல் இறங்கச் சொன்னாலும் இறங்கியிருப்பன்.

சாந்தி சிரிச்சு முடிய, தமக்கை தனக்குப் பக்கத்து முக்காலியைத் தட்டிக் காட்டினா. இடத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறாள் எண்டு நினைச்சாவாக்கும். சாந்தி என்னைப் பாத்தாள். நான் கெதியா வாளிக்குள்ளை குனிஞ்சன். அங்கி கழட்டுற சத்தம் கேட்டுது. பிறகு ஓரக்கண்ணாலை (தொழில் புத்தி போகுமோ?) பாத்தன். முன்பக்கத்தைச் சின்னத் துவாயாலை மூடி, ஒரு கையாலை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அவள் முக்காலியிலை இருக்கிறாள். தமக்கை ஒரு சொல்லும் கேளாமல் அவளின்ரை முதுகுக்குச் சவர்க்காரம் போட்டு உரஞ்சத் தொடங்கினா. இந்த நாட்டிலை எல்லாம் இருக்கு, முதுகு தேய்க்க மட்டும் ஆளில்லை. சாந்தியின்ரை தோள் ரெண்டும் மெல்ல மெல்ல இறங்கிச்சுது.

முடிஞ்சுதெண்டு பாத்தால், தமக்கை தான் திரும்பியிருந்து தன்ரை முதுகைக் காட்டுறா. உரஞ்சிற துணியைப் பின்பக்கமா நீட்டுறா. அது அவையின்ரை வழக்கமாம், உனக்கு நான், எனக்கு நீ. சாந்தி ஒரு கையாலை துவாயைப் பிடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை தடவினாள். ஒற்றைக் கையாலை முதுகு தேய்ச்சுப் பாருங்கோ, ஆள் முன்னாலை வழுக்கிக்கொண்டு போவார். தமக்கை ஜப்பான் பாசையிலை ஏதோ சொன்னா. கலாவுக்கு எந்தப் பாசையும் விளங்கும், "வடிவா அமத்தி உரஞ்சட்டாம்" எண்டாள்.

பிறகு உரஞ்சிற சத்தம் மாறிச்சுது. பலமா, ஒரு சீரா, சமையலறையிலை பெரிய சட்டி தேய்க்கிற சத்தம். ரெண்டு கையும் போட்டுத் தேய்க்கிறாள்! துவாய் வாளி விளிம்பிலை கிடக்கு. எனக்கு அழுகை வந்திட்டுது. அள்ளி அள்ளி முகத்திலை தண்ணி அடிச்சன், ஆருக்கும் தெரியாது எண்டு நினைச்சு. கலாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். தமக்கை திரும்பி, சாந்தியின்ரை கண்ணை மட்டும் பாத்து, வடிவாக் குனிஞ்சு நன்றி சொல்லி, தொட்டியைக் கையாலை காட்டினா.

நாலு பேரும் இறங்கினம். நான் இந்தமுறை ரெண்டுதரம் குளிச்சிட்டுத்தான். சாந்தி தலையைத் தொட்டி விளிம்பிலை சாய்ச்சு, கண்ணை மூடினாள். கால் ரெண்டும் தன்பாட்டுக்கு மேலை மிதந்து வந்துது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"வதனி, புதன்கிழமை பொம்பிளையளின்ரை நேரம் இப்பவும் ஏழு மணிக்கோ?"

ஊர்ச் சனத்தையெல்லாம் குளிச்சிட்டு இறங்குங்கோ எண்டு சொல்லிச் சம்பளம் வாங்கிற நான், சாந்தி திரும்பத் தண்ணிக்கை இறங்கின அண்டைக்கு மட்டும் குளிக்காமல் இறங்கி அம்பிட்டுப்போனன்.