ஸ்கந்தபுரத்துச் செத்தவீடு

போன செவ்வாய்க்கிழமை காலை. கடை திறந்து சாம்பிராணிகூடக் காட்டவில்லை. சுதன் வந்து முதலாளிக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“அண்ணை, இண்டைக்கு லீவு வேணும். ஸ்கந்தபுரத்தில பெரியம்மா மோசம் போயிட்டா.”

எனக்கு நெஞ்சு திக்கென்றது. துக்கத்தால் அல்ல... பொய் என்று தெரிந்ததால். முதல்நாள் பின்னேரம்தான் என் காதுக்குள் சொல்லியிருந்தான் – வவுனியாவில் ஒரு பெரிய கம்பனி, பதினொரு மணிக்கு இன்டர்வியூ. “வேலை கிடைக்குமட்டும் அண்ணைக்குச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா.”

கிளிநொச்சியில் உழவு மெசின் சாமான் விற்கிற எங்கள் கடையில் மூன்றே பேர். முதலாளி, சுதன், கணக்கெழுதுகிற நான். (முதலாளி பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் மட்டும்தான் பார்ப்பார். அந்தத் துணிவில்தான் இதை எழுதுகிறேன்.) சுதன் பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து இங்கேதான். அவனுடைய கலியாணத்துக்குப் பந்தல்கால் நட்டதே முதலாளிதான்.

நம் ஊரில் லீவு எடுக்கக் காய்ச்சல் என்று சொல்லலாம். பல்லுக்கொதி என்று சொல்லலாம். செத்தவீடு என்று சொல்லலாமா? காய்ச்சல்காரனோடு யாரும் கூடப் போவதில்லை. செத்தவீட்டுக்கு...?

“கடையைப் பூட்டுங்கோ தங்கச்சி. நாங்களும் போவம்” என்றார் முதலாளி. “இவன்ர பெரியம்மா எங்களுக்குப் பிறத்தியே?”

கொஞ்ச நேரத்தில் வாடகை வான் வந்துவிட்டது. முன் சீற்றில் முதலாளி. பின்னால் சுதனும் நானும், நடுவில் பூமாலையும்.

ஸ்கந்தபுரம் போக, வான் அக்கராயன் பக்கம் திரும்பியது. சுதனைக் காட்டிக்கொடுப்பதா? முதலாளியை ஏமாற விடுவதா? சோறு போடுகிற கடைக்கு விசுவாசமா, கூட வேலை செய்கிறவனுக்கா? பெரியம்மா இந்நேரம் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பார். மாலையோடு நாங்கள் இறங்கினால் அந்த மனுசிக்கு உண்மையாகவே ஏதும் நடந்துவிடும்.

“கனநாளாச் சுகமில்லாமக் கிடந்தவாவோ?” முதலாளி திரும்பிக் கேட்டார்.

சுதன் அழத் தொடங்கினான். துக்கம் என்று நினைத்து அவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதற்குமேல் அவனால் தாங்க முடியவில்லை.

“வானை நிப்பாட்டச் சொல்லுங்கோ அண்ணை. ஒருத்தரும் சாகேல்ல.”

எல்லாவற்றையும் கொட்டினான். நான் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. சாரதியிடம், “திருப்பு தம்பி, வவுனியாவுக்கு விடு” என்று மட்டும் சொன்னார்.

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் எல்லா வாகனங்களையும் போல எங்கள் வானும் நின்றது. சுதனின் பெயரைச் சொல்லி முதலாளி தேங்காய் உடைத்தார். பிறகு, எங்கள் முகத்தைப் பாராமல் கதைத்தார்.

“நானும் ஒண்டை மறைச்சுப்போட்டன். மகள் கனடாவுக்குக் கூப்பிடுறாள். பொங்கலோட கடையைக் குடுக்கப்போறன். வாங்கிறவர் தன்ர ஆக்களைத்தான் வைப்பாராம். உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியாமத் திரிஞ்சனான்.”

இந்தக் கடை ஒரு குடும்பம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். குடும்பம்தான்... ஆளுக்கொரு கதவால் வெளியேறப் பார்த்த குடும்பம். யாரைக் குறை சொல்ல? சுதனுக்குச் சின்னப் பிள்ளைகள். முதலாளிக்கு வயது போகிறது. இருவரும் அவரவர் வழியைப் பார்த்துவிட்டார்கள். மற்றவர்களுடைய விசுவாசத்தை நிறுத்துக்கொண்டிருந்த நான்தான், என் வழியைப் பற்றி நினைக்கவே இல்லை.

சுதனுக்கு வேலை கிடைத்துவிட்டது. எனக்கு நித்திரை போய்விட்டது. நாற்பது தாண்டியவளை இனி யார் எடுப்பார்கள்?

எதற்கும் இருக்கட்டும் என்று நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். நேற்று வவுனியாவிலிருந்து ஓர் அழைப்பு. வெள்ளிக்கிழமை இன்டர்வியூவாம். லீவு கேட்க வேண்டும். உண்மையைச் சொல்லியே கேட்கலாம்தான்...

சொன்னால், மனுசன் கடையைப் பூட்டிவிட்டு வானும் பிடித்துவிடுவாரே.