முதல் ஜோடியின் ஒட்டுக்கட்டை

பெட்டிக்காரர் என்றால் அந்த வட்டாரத்துப் பாட்டுக்குழுக்கள் அத்தனைக்கும் தெரியும். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்கிறவர். ஸ்பீக்கரை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம், அதை எந்தப் பெட்டிக்குள் வைக்கிறோம் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது என்பார். யாராவது வாய் தவறி, "வெறும் பலகைதானே?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். அரை நாள் வகுப்பு நடக்கும்.

பெட்டி சிறிதானால் அடித்தொனி செத்துப்போகும். பெரிதானால் தூக்குகிறவன் செத்துப்போவான். ஒற்றை ஆள் ஒரு கையில் தூக்கிக்கொண்டு மாடியேற வேண்டும், பேஸ் கிட்டார் வாசித்தால் கடைசி வரிசைக்காரன் நெஞ்சில் போய் இறங்கவும் வேண்டும். இப்படி ஒரு பெட்டிக்காக மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில், காற்று வெளியேறும் வழியைப் பின்பலகையை ஒட்டி மடக்கிக் கொண்டுபோனதில் விஷயம் படிந்தது. அதுவரை அடுத்தவர் வடிவத்தைச் செய்து கொடுத்தே வயிறு வளர்த்த மனிதருக்கு, இது என்னுடையது என்று சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான்.

முதல் ஜோடியில் மட்டும் ஒரு சொதப்பல். அவசரத்தில் மடக்குப் பலகையை ஒரு விரற்கடை குறைத்து அறுத்துவிட்டார். ஒரே ஒரு சுரத்துக்குப் பெட்டி பசித்த மாடு மாதிரி கத்தியது. சரிவாகச் சீவிய கட்டைத் துண்டு ஒன்றை மூலையில் ஒட்டி அதன் வாயை அடக்கினார். அடுத்த ஜோடிகளில் அளவு சரியாகிவிட்டதால் ஒட்டுக்கட்டைக்கு வேலை இல்லை.

அந்த முதல் ஜோடியை வாங்கிக்கொண்டது மனைவியின் தம்பி. மேடைகளில் சவுண்டு மிக்ஸர் பார்க்கிறவன். அக்கா வீட்டுச் சோற்றில் வளர்ந்த பிள்ளை.

"இது எனக்குத்தான் மாமா. கண்டவன் கைக்குப் போகக் கூடாது," என்று சொல்லித்தான் வாங்கிப் போனான். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பெரிய குழு ஒன்று, வருடம் முழுக்கச் சுற்றப் போகிறோம், பதினாறு பெட்டி வேண்டும் என்று சொல்லியிருந்தது. பெட்டிக்காரர் பலகை அறுக்க ஆரம்பித்தார். இரண்டு மாதமாக அங்கிருந்து ஒரு பேச்சும் இல்லை. ஒரு காலையில் அந்தக் குழுவின் பேஸ் கிட்டார்காரர் கையில் ஒரு பெட்டியோடு பட்டறைக்குள் வந்தார்.

"அண்ணே, உங்க பெட்டி கத்துது. ஒரே ஒரு சுரத்துக்குத்தான், ஆனா மானத்த வாங்குது."

"என் பெட்டியா? நான் எப்பங்க உங்களுக்குக் குடுத்தேன்?"

"சவுண்டு செட் வாடகைக் கம்பெனிதான் குடுத்துச்சு. உங்ககிட்ட வாங்கின டிசைன்னு சொன்னாங்களே!"

பெட்டிக்காரர் திருகாணிகளைக் கழற்றினார். ஸ்பீக்கரை வெளியே எடுத்துவிட்டு டார்ச்சை உள்ளே நீட்டினார். அடியில் ஒரு கட்டைத் துண்டு பசை விட்டு விழுந்து கிடந்தது. அதே சரிவு. மெஷினில் அறுத்து, கறுப்புப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள். மடக்குப் பலகையும் அதே விரற்கடை குறைவு. என்ன ஏது என்று தெரியாமல் அவருடைய தப்பையும், தப்புக்குப் போட்ட ஒட்டையும் சேர்த்தே ஈயடிச்சான் காப்பி அடித்திருக்கிறார்கள். முதலில் அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்தக் கட்டை இருப்பது உலகத்திலேயே ஒரு ஜோடியில்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது.

வந்தவரை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் போனார். மனைவி பெட்டிகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பி என் பெட்டியப் பிரிச்சு அடுத்தவனுக்குக் காட்டிட்டான்."

என் தம்பியா, இருக்கவே இருக்காது என்று அவள் சண்டைக்கு வருவாள் என எதிர்பார்த்தார். வந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தையல் மெஷினை நிறுத்தினாள்.

"யாருங்க சொன்னா உங்களுக்கு?" என்றாள்.

அவர் அவள் எதிரில் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு மாசமா அந்தப் பதினாறுக்கும் பலகை அறுத்தேனே," என்றார். "பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

அவள் பாதி தைத்திருந்த உறையை மெஷினிலிருந்து உருவி மடித்து வைத்தாள்.