அப்பாவின் வாய்க்குக் காவல்

எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் பந்தாட்டத் திடலுக்கும் நடுவே இருந்தது ஒரு மதில், ஒரு முருங்கை மரம், அவ்வளவுதான். ஆட்டப் பருவம் தொடங்குமுன் அப்பா முருங்கையை மொட்டையடித்துவிடுவார். அம்மா சண்டைக்கு வந்தால், "காய் கடையில கெடைக்கும், கோல் கடையில கெடைக்குமா?" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தெருவில் பாதி எங்கள் மாடியில் நிற்கும். மீதிப் பாதி, இடம் கிடைக்கவில்லை என்று கீழே நின்று எங்களைத் திட்டும்.

புதுச்சேரியில் கொடி மாறிய புதிது அது. வெள்ளைக்காரன் போனதை ஒரு வாரத்தில் மறந்த ஊர், கிழக்கு மில்காரன் போட்ட கோலை ஒரு வருஷமானாலும் மறக்காது. அப்பாவும் நானும் பெரிய மில். அவர் தறியில், நான் நூற்பில். தறிச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பேசி அப்பாவின் தொண்டை தகரமாகிப் போயிருந்தது. அம்மா காதில் ரகசியம் சொன்னால் மூன்றாம் வீட்டிலிருந்து பதில் வரும்.

அந்தத் தொண்டையால் என் தங்கைக்கு வந்த முதல் சம்பந்தம் முறிந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமன் ஓர் ஆட்டத்தில் கோட்டோரம் கொடி பிடித்து நின்றார். அவர் யாரென்று தெரிந்தும், "கொடியக் கீழ போட்டுட்டு ஒரு குச்சி வாங்கித் தட்டிக்கினு நட!" என்று மாடியிலிருந்து அப்பா யோசனை சொன்னார். அவர்கள் அப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை.

இரண்டாவதாக வந்த இடம் இன்னும் விசேஷம். பையன் கிழக்கு மில்லில் ஃபிட்டர். அதோடு அந்த மில் அணியின் ஃபார்வர்டு. அவன் தகப்பனாருக்குக் கடல்தாண்டி சைகோனில் வேலை. வீட்டுக்கு அரசி, அதே மில்லில் நூல் சுற்றும் அவன் அம்மா. அந்த அம்மாள் ஆள் மூலம் சொல்லியனுப்பினாள்: "ஞாயித்துக்கெழம எம் புள்ளைக்கு ஆட்டம் இருக்குது. நான் முன்னாடியே வந்து உங்க மாடியில குந்திப் பாக்கறேன். அவன் ஆட்டம் முடிஞ்சி வரட்டும். பொண்ணயும் பாத்துக்கறோம்."

அந்த ஞாயிறு ஆட்டம் பெரிய மில்லுக்கும் கிழக்கு மில்லுக்கும்.

சனிக்கிழமை காலையில் தங்கை ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். "ண்ணா, அப்பா வாய நீதான் பாத்துக்கணும்" என்றாள்.

"பாத்துக்கறதுன்னா? எத்தினி பல்லு இருக்குதுன்னு எண்ணணுமா?"

"வெளயாடாத. எனக்கு இந்த எடம் புடிச்சிருக்குது. இதும் போச்சின்னா இனிமே யாரு முன்னாடியும் காப்பித்தட்ட எடுத்துக்கினு வந்து நிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுக் குழவியை வேகமாகச் சுற்றினாள். நான் சிரித்துக்கொண்டே எழுந்து போனேன். கிணற்றடி வரைக்கும்தான் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் முதல் சம்பந்தம் போன விதம் ஞாபகத்துக்கு வந்தது.

அன்று எதிர்வீட்டு ரேடியோவில் கிரிக்கெட். எதிர்வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வர்ணனை இங்கிலீஷில் வரும். அவருக்குத் தெரிந்ததோ பிரெஞ்சு. ரேடியோவுக்குள் கூட்டம் கத்தினால் அவர் கைதட்டுவார். படித்தவர் தட்டுகிறாரே என்று தெருவே தட்டும். நம் ஆள் அவுட்டானதற்கெல்லாம் எத்தனை முறை தட்டினோமோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். அப்பா மட்டும் தட்டமாட்டார். "தூக்கி அடிடா, சோத்துல உப்புப் போட்டுத்தான தின்ற!" என்று அந்தப் பெட்டியைத் திட்டுவார். முகம் தெரியாத ஆளை, புரியாத ஆட்டத்துக்கே இப்படித் திட்டுகிறவர், நாளைக்கு மருமகனைக் கண்ணெதிரே பார்த்தால் என்ன செய்வார் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து எல்லாரும் தட்ட, நானும் தட்டினேன்.

சாயங்காலம் அப்பாவைக் கிணற்றடியில் பிடித்தேன்.

"நாளைக்கு நீ வாயத் தொறக்கக் கூடாதுப்பா."

"சோத்துக்கு?"

"அதுக்கு மட்டும்."

"டேய், நான் என்னா கொழந்தையா? என் பொண்ணு விசயம் எனக்குத் தெரியாது?" கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்தப் பையன் நம்ம ஆளு கால்ல அடிச்சான்னா?"

"அடிச்சாலும்."

"ஒடச்சான்னா?"

"ஒடச்சாலும்."

"அப்ப நான் எதுக்குடா மாடிக்கு வரணும்? என்ன ஒரு கோணியில கட்டிப் போட்டுட்டுப் போ."

கோணி நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஆனால் நான் வெற்றிலையை நம்பினேன். பந்து கோலுக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் அப்பாவின் வாயில் ஒரு பீடாவைத் திணித்துவிடுவது. மனிதன் மென்றுகொண்டு திட்ட முடியாது. இந்தத் திட்டம் தோன்றியதும் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிக்குழம்பு. மற்ற நாளாயிருந்தால் சோறு முடிந்ததும் ரொட்டியைப் பிய்த்துச் சட்டியைத் துடைத்துச் சாப்பிடுகிறவன் நான். அன்று ஒரு வாய் இறங்கவில்லை. தெரு ஜனம் ஏற வந்தபோது, "மாடிக் கைப்பிடிச்சுவர் விரிசல் உட்டிருக்குது, உசுருக்கு உத்தரவாதம் இல்ல" என்று புளுகித் திருப்பி அனுப்பினேன். "அப்ப பொண்ணு பாக்க வர்றவங்கள மட்டும் ஏத்திக் கொல்லப் போறியா?" என்று ஒருவன் கேட்டான்.

பையனின் அம்மா பூவும் பழமுமாக வந்தாள். மாடியில் போட்ட பெஞ்சில் நடுவாக உட்கார்ந்தாள். பக்கத்தில் என் அம்மா, ஓரத்தில் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நான்.

ஆட்டம் தொடங்கியதுமே பையன் எங்கள் ஆள் ஒருவனைத் தோளால் இடித்துத் தள்ளினான். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. திணித்தேன். இன்னொரு தடவை பந்தைப் பறித்துக்கொண்டு ஓடினான். திணித்தேன். இடைவேளைக்குள் அப்பாவின் இரண்டு கன்னமும் தேங்காய் மூடிபோல் ஆகிவிட்டன; கண்ணில் நீர் வழிந்தது.

"அண்ணன் ஏன் அழுவுறாரு?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"பொண்ணக் கட்டிக் குடுக்கப் போறோமே, அதான்" என்றேன்.

"அழுவாதீங்கண்ணே. எம் பொண்ணாட்டம் பாத்துக்கறேன்" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையில், கண்ணில் அந்த நீர் இல்லாதிருந்தால் நான் எரிந்திருப்பேன்.

இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் அது நடந்தது. எங்கள் தடுப்பாளர் இருவரையும் தாண்டிப் பையன் பந்தோடு வந்துவிட்டான். எங்கள் கோலி ஒரு மூலையில் நிற்கிறான், மறு மூலை முழுக்கக் காலி. பையன் ஓங்கி உதைத்தான். பந்து வெளியே போயிற்று.

"அடச்சே! தெறந்த வாசல் தெரியலியா? கண்ணு என்னா பொடனியிலயா இருக்குது!"

நான் பாய்ந்து அப்பாவின் வாயைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் வாய் மூடியேதான் இருந்தது. அது நிறைய வெற்றிலை. திரும்பிப் பார்த்தேன். கடைசிப் படியில், குதிகாலை உயர்த்தி எட்டிப் பார்த்தபடி, காப்பித் தட்டோடு என் தங்கை. வாய் இன்னும் மூடவில்லை. கீழே பையன் இடுப்பில் கைவைத்து எங்கள் மாடியையே அண்ணாந்து பார்த்தான்.

முழுசாக ஒரு வாய்க்குக் காவல் நின்றவன், வீட்டில் இன்னொரு வாய் இருப்பதை யோசிக்கவில்லை. "பக்கத்து மாடியில கத்துறாங்க" என்றேன். பக்கத்து மாடிக்காரர்கள் எல்லாரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், விருந்தாளிக்கென்று வந்த காப்பியை எடுத்து நானே குடித்தேன்.

அப்பா கைப்பிடிச்சுவருக்கு வெளியே துப்பிவிட்டு வாயைத் திறந்தார். கத்தியது அவருக்குக் கவலையில்லை. "எந்த மில்லுக்குக் கத்துறா இவ? எத்தினி நாளா நடக்குது இது?" என்றார்.

பையனின் அம்மா மெல்ல எழுந்தாள். எல்லாம் போயிற்று என்று நான் கண்ணை மூடினேன். அவள் கைப்பிடிச்சுவரில் சாய்ந்து, மில்காரிக் குரலில் திடலைப் பார்த்துக் கத்தினாள்: "காதுல உழுந்துச்சாடா? அதயேதான் நானும் சொல்றேன்!" பிறகு தங்கையிடம் திரும்பி, "அங்க நின்னா அந்த மூல தெரியாதும்மா. இப்பிடி வந்து நில்லு" என்றாள்.

மிச்ச ஆட்டத்தை இரண்டு பேரும் சுவரோரம் ஒட்டி நின்று பார்த்தார்கள். இப்போது அந்தத் திடலெல்லாம் வீடு. எங்கள் மாடியில் ஏறினால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டிதான் தெரிகிறது. என்றாலும் மாலை வெயிலில், ஒரே புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரண்டு முதுகுகள் எனக்கு மறைவதில்லை.

அன்று எங்கள் மில் ஜெயித்தது. ஜெயித்ததற்கு அப்பா கத்தவில்லை. அவர் வாழ்நாளில் அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

பையன் முகம் கழுவி, ஈரத்தலையோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தான். தங்கை புதுக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவன் தலைகுனிந்தபடி, "மாடியிலேர்ந்து சத்தம் குடுத்தது யாரு?" என்று கேட்டான். நான் இல்லாத வெளியூர் விருந்தாளி ஒருவரைப் படைப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நாந்தான்."

"கோலி முன்னால வந்துட்டான். அதான் தள்ளி அடிச்சேன்."

"வர்ல. அவன் நின்ன எடத்த உட்டு அசையவே இல்ல."

பையன் காதுவரை சிவந்துபோனான். நான் பதறி அப்பாவைப் பார்த்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"வந்தாம்மா" என்றார் அப்பா. "கொஞ்சம் வந்தான். எங்க மில்லு கோலி ஒண்ணும் மரக்கட்ட இல்ல. மாப்ள சொல்றது சரிதான்."

"என்னாண்ணே வந்தான்? நான் பாத்துக்கினுதான இருந்தேன்!" என்று பையனின் அம்மா எழுந்து நின்றாள். பையனும் அப்பாவும் ஒரு பக்கம், அவளும் தங்கையும் மறுபக்கம். நாலு பேரும் தறிக்கூடத்துக்குள் நின்று பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்கள். கூடத்துத் தரையில் காப்பி டம்ளர்கள் கோல் கம்பங்களாயின. எதிர்வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து கேட்டார். அம்மா விளக்கேற்றி, இலை போட்டு, சாப்பிடக் கூப்பிடும்வரை கோலி வந்தானா வரவில்லையா என்பது தீரவில்லை. சம்மதம் என்று அன்றைக்கு யாரும் தனியாக வாய்திறந்து சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை.