அக்காவைப் பார்க்கப் போவதற்கு ஒரு படிவம்

விமான டிக்கெட் வாங்கிய மறுநாளே பயணக் காப்புறுதியையும் எடுத்துவிட்டேன் என்று என் மனைவி ஹேன்போனை என் முன்னால் நீட்டினாள். பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃப்ளாட்டின் ஏழாவது மாடியில், பசியாறி முடித்த மேசையிலேயே உட்கார்ந்து எனக்காக அவளே படிவத்தை நிரப்பியிருந்தாள். இதய நோய் உண்டா? இல்லை. தினமும் சாப்பிடும் மருந்து உண்டா? இல்லை. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றதுண்டா? இல்லை. வரிசையாக எல்லாவற்றுக்கும் 'இல்லை'. படித்துப் பார்த்தால் யாரோ ஓர் இருபது வயதுக்காரன் இங்கிலாந்துக்குப் போகிறான் என்றுதான் தோன்றும்.

எனக்கு அறுபத்து மூன்று. நாலு வருடத்துக்கு முன்னால் நெஞ்சு வலி வந்து, பெரிய ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்து, அடைத்துக்கொண்ட ரத்தக் குழாயில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்தவன். காலையில் மூன்று மாத்திரை, ராத்திரி இரண்டு. இது என் மனைவிக்குத் தெரியாததல்ல. மாத்திரையை எண்ணி என் உள்ளங்கையில் வைப்பவளே அவள்தான்.

"என்னடி இது, எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்கே?"

"நல்லபடியா போயிட்டு வரணும்னு டிக்கெட் எடுத்திருக்கோம். அதுல போயி நெஞ்சு வலி, ஆஸ்பத்திரின்னு எழுதச் சொல்றீங்களா? வாயிலயே வரக்கூடாதுலா அதெல்லாம்."

பொய் எழுதினோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. எங்கள் ஆட்களுக்கு இது ஊறிப்போன வழக்கம். வெளியே கிளம்புகிறவனை எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கமாட்டோம். அப்படியிருக்க, கிளம்பப் போகிறவனின் நோயை ஒவ்வொன்றாகக் கேட்டு, உண்டு உண்டு என்று எழுதிக்கொடு என்றால் அவள் எப்படி எழுதுவாள்? கேள்வி கேட்டவன்தான் நாகரிகம் தெரியாதவன் என்பது அவள் கட்சி.

நான் முப்பத்தோரு வருடம் கெலுகோரில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன். கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, கரைசல்களைக் கலக்கி, ஒவ்வொரு பாட்டிலிலும் உள்ளே இருப்பது என்ன என்று எழுதி ஒட்டுவதுதான் வேலை. உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக ஒரு பாட்டில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. அந்தப் படிவம் எனக்கு அப்படித்தான் இருந்தது. அதைவிட இன்னொரு பயமும் இருந்தது. போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பில் அக்காவின் தலையில் அல்லவா விழும்?

அக்கா என்னைவிடப் பத்து வயது பெரியவள். சுங்கை பினாங்கில் ஒற்றை அறை வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, என்னைக் குளிப்பாட்டியவள், சோறு ஊட்டியவள், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவள் எல்லாம் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஃபெரியில் ஏற்றி அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் வரை கூட்டிப்போவாள். அங்கே எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. இறங்கி, காகிதச் சுருளில் கச்சாங் பூத்தே வாங்கி, அடுத்த ஃபெரியில் திரும்பி வருவோம். கடலையை எனக்குத் தள்ளிவிட்டு அடியில் கிடக்கும் முறுக்குத் துண்டுகளை அவள் தின்பாள். உலகத்தில் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தப் பதினைந்து நிமிடத் தண்ணீரில்தான்.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தாதிப் படிப்புக்கு அவளை இங்கிலாந்தில் எடுத்துக்கொண்டார்கள். அப்போது பினாங்கிலிருந்து எத்தனையோ பெண்கள் அப்படிப் போனார்கள். விமான நிலையத்தில் எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. அவள் குனிந்து என் கன்னத்தைத் தொட்டபோது கையைப் பிடித்துக் கடித்துவிட்டேன். அப்பா ஓங்கி அறைந்தார். அவள் கைக்குட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு விமானத்தில் ஏறினாள்.

மூன்று வருடப் படிப்பு என்றுதான் போனாள். வேலை கிடைத்தது, தங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கிலாந்தின் வடக்கே கடலோரமாக ஒரு சின்ன ஊரில் தனியாக இருக்கிறாள். ஐம்பத்து நாலு வருடத்தில் நான்கு முறை வந்து போனாள். கடைசியாக வந்தது அம்மா செத்தபோது, பதினேழு வருடத்துக்கு முன்னால். நான் ஒரு முறைகூடப் போனதில்லை. பிள்ளைகள் படிப்பு, பிறகு கல்யாணம், பிறகு கொரோனா, பிறகு என் நெஞ்சு. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்றே தலை நரைத்துவிட்டது. ஞாயிறு தவறாமல் மாலை நாலு மணிக்குப் போனில் பேசுவோம். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன். நீ? நான் நல்லா இருக்கேன். இதை ஆயிரம் தடவைக்கு மேல் சொல்லியிருப்போம். போனை வைத்ததும் எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்போல் இருக்கும். அவள் கையால் தலையைத் துவட்டிக்கொள்ள வேண்டும்போல்கூட இருக்கும். அறுபத்து மூன்று வயதுக் கிழவனுக்கு வரக்கூடிய ஆசையா இது? வந்தது, என்ன செய்ய.

ஸ்டென்ட் வைத்த விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஞாயிறுகூட, கட்டிலில் படுத்துக்கொண்டே நல்லா இருக்கேன் என்றேன்.

ஆகவே காப்புறுதி நிறுவனத்துக்குப் போன் செய்ய முடிவு செய்தேன். மனைவிக்கு முகம் சுண்டிவிட்டது. "வேணாம்னு சொன்னா கேக்கறீங்களா? அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா அப்புறம் நான் உங்களைத் தனியா அனுப்பமாட்டேன்," என்றாள். அவளுக்கு விமானம் என்றால் பயம், கூட வரமாட்டாள். அவள் சொன்னது வெறும் மிரட்டல் அல்ல. காப்புறுதி இல்லை என்றால் பயணம் இல்லை. இந்தத் தடவை போகாவிட்டால் எனக்கு இனி அக்காவைப் பார்க்கக் கிடைக்காது என்று ஏனோ தோன்றிக்கொண்டே இருந்தது. இருந்தும் எண்ணை அழுத்தினேன்.

எடுத்தது ஒரு பெண். என் பெயரைக் கேட்டதும், "அங்கிள், தமிழ்ல பேசலாமா?" என்றாள். படிவத்தில் போட்டதெல்லாம் தப்பு என்றேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "இப்பவே சொன்னது நல்லதுலா அங்கிள். அங்க போயி ஏதாவது ஆயிருந்தா நாங்க ஒன்னும் குடுக்க முடியாது. மறுபடி கேக்குறேன், உள்ளதைச் சொல்லுங்க. ரெக்கார்ட் ஆகுது, அதனால நான் படிச்சித்தான் கேக்கணும்."

கேட்டாள். சொன்னேன். எந்த மாதம், எத்தனை ஸ்டென்ட், கடைசியாக டாக்டரைப் பார்த்தது எப்போது, ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மில்லிகிராம். அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு படித்தேன். நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்றாள். "எங்க ஃப்ளாட்ல மாசத்துக்கு ரெண்டு தடவை லிஃப்ட் கெட்டுப்போகும்மா. ஏழு மாடியும் ஏறுறேன். எனக்கு மூச்சு வாங்கல, கவுன்சில்காரனைத் திட்டித்தான் வாங்குது," என்றேன். சிரித்துவிட்டு, மூச்சு வாங்கவில்லை என்று எழுதிக்கொண்டாள். சொல்லச் சொல்ல உடம்பு லேசானது. நாலு வருடமாக வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்ததை முகம் தெரியாத ஒரு பிள்ளையிடம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

முடிந்தது என்று நினைத்தபோது இன்னொரு கேள்வி படித்தாள். "நீங்க பார்க்கப் போற நெருங்கிய உறவுக்கு, உங்க பயணத்தை ரத்து செய்ய வைக்கிற மாதிரி ஏதாவது நோய் இருக்கா?"

"இல்லம்மா. எங்கக்கா நல்லா இருக்காங்க."

சொன்ன வேகத்தில் எனக்கே சுருக்கென்றது. எதை வைத்துச் சொன்னேன்? அக்கா சொன்னாள், நான் சொல்கிறேன். நானும்தானே அவளிடம் நல்லா இருக்கேன் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

"ஒரு நாள் டைம் குடும்மா. கேட்டுட்டுச் சொல்றேன்," என்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை இல்லை. மாலை ஐந்து மணிக்கு என் குரலைக் கேட்டதும் அக்கா பதறிவிட்டாள். "என்னடா, யாருக்கு என்ன?" அவளுடைய தமிழ் ஐம்பத்து நாலு வருடமாகச் சுங்கை பினாங்கிலேயே நின்றுபோன தமிழ். முதலில் என் கதையைச் சொன்னேன். தன்னுடையதை ஒளித்துக்கொண்டு அடுத்தவரைக் கேட்பது நியாயமில்லை அல்லவா. தாதியாக இருந்தவள், எந்தக் குழாய், எத்தனை அடைப்பு என்று அடுக்கடுக்காகக் கேட்டாள். பிறகு குரல் மாறியது. "நாலு வருஷமாடா? நாலு வருஷமா என்கிட்ட சொல்லாம இருந்தே?"

"இப்ப உன்னைப் பத்திக் கேக்குறாங்கக்கா. படிவத்துல போடணுமாம். உனக்கு ஏதாவது இருக்கா?"

"எனக்கென்ன? நல்லா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். அவள் ஊரில் எங்கோ கடற்பறவைகள் கத்துவது கேட்டது.

"நுரையீரல்," என்றாள். "போன வருஷம் ஈஸ்டர் சமயத்துல கண்டுபிடிச்சாங்க. மருந்து ஏத்தினாங்க, கேக்கல. இப்ப எல்லாத்தையும் நிறுத்தியாச்சு. வலிக்கு மட்டும் குடுக்குறாங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் நடுவில் போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருகிறேன் என்று போவாளே, அது இருமுவதற்காகத்தான் என்று அவளே சொன்னாள். "ஏன்க்கா சொல்லல?" என்றேன். "சொல்லியிருந்தா பிளேன்ல வழி முழுக்க அழுதுகிட்டு வருவே. பக்கத்து சீட்டுக்காரன் என்ன பாவம் பண்ணினான்?" என்றாள். நான் அழுதேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் நோயைப் பற்றிப் பேசியதால்தான் நோய் வந்தது என்று அவளுக்குத் தோன்றியிருக்கலாம். போனை வாங்கி, "அண்ணி" என்று மட்டும் கூப்பிட்டாள்.

மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அக்காவின் நோயைச் சொன்னேன். விசைப்பலகையைத் தட்டும் சத்தம் நின்றது. பிறகு படிக்க வேண்டியதைப் படித்தாள். என் இதயத்துக்குக் கூடுதல் கட்டணத்தோடு பாதுகாப்பு உண்டு. விமானம் தாமதமானால் உண்டு. பெட்டி தொலைந்தால் உண்டு. அக்காவின் உடல்நிலையால் பயணம் நின்றாலோ, பாதியில் திரும்ப நேர்ந்தாலோ, அதற்கு மட்டும் கிடையாது. "இதுக்கு நீங்க சம்மதம்னு வாயால சொல்லணும் அங்கிள்."

"சம்மதம்மா," என்றேன். உலகத்தில் நான் எதை இழக்கப் பயப்படுகிறேனோ, அது ஒன்றுக்குத்தான் அவர்களிடம் பாதுகாப்பு இல்லை.

அவள் உடனே போனை வைக்கவில்லை. "டிக்கெட் தீபாவளிக்கு அப்புறம்னு போட்டிருக்கு. இன்னும் அஞ்சு மாசம் இருக்கு அங்கிள்," என்றாள். கொஞ்சம் தயங்கி, "தேதியை முன்னாடி மாத்த முடியுமான்னு பாருங்களேன்," என்றாள். அது அவள் படித்துச் சொன்னதல்ல.

மாற்றினேன். பத்து நாளில் கிளம்ப இடம் கிடைத்தது. தீபாவளி கழித்துத்தான் கிளம்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்த மனைவியே, இருந்த ஒரே கம்பளிச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டாள்.

அன்று மாலையே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"உன் இன்சூரன்ஸ்காரங்க என்னடா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"என் நெஞ்சுக்குக் குடுப்பாங்களாம். பெட்டி தொலைஞ்சா குடுப்பாங்களாம். உனக்கு மட்டும் மாட்டாங்களாம்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகு நேரமாயிற்று. இந்த முறை அவள் போனை வைத்துவிட்டுப் போகவில்லை. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"எத்தனை நாள் இருப்பே?"

"மூணு வாரம்க்கா."

அக்கா இந்த ஐம்பத்து நாலு வருடத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. வா என்றுகூடச் சொன்னதில்லை. உனக்குச் சௌகரியப்பட்டபோது வந்தால் போதும் என்பாள்.

"பத்தாதுடா," என்றாள்.