பாலத்து வேனும் பண்பான கமெண்டுகளும்

எங்கள் பள்ளித் தாளாளர் கோவையில் ஒரு பெரிய ஓட்டலில் நடந்த கல்விக் கருத்தரங்குக்குப் போனார். போகும்போது எப்போதும்போலத்தான் போனார். திரும்பும்போது 'கிளாஸ்ரூம் கம்யூனிட்டி' என்ற சொல்லோடு வந்தார். எனக்குக் கம்யூனிட்டி என்றால் தாலுகா ஆபீசில் வெயிலில் நின்று வாங்கிய சான்றிதழ்தான் தெரியும். இவர் சொன்னது வேறாம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிளாக் இருக்க வேண்டும். பிள்ளைகள் எழுத வேண்டும், பெற்றோர் அதன் கீழே கமெண்ட் போட வேண்டும், ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். அப்படிச் செய்தால் பள்ளிக்கூடமே ஒரு குடும்பம் ஆகிவிடுமாம்.

"நீங்கதான் மிஸ் சின்ன வயசு. எட்டாம் வகுப்பு பிளாக் மொதல்ல வரோணும். கமெண்ட் நெறைய வரோணும். அட்மிஷனுக்கு வர்றவங்க பாக்கோணுமல்லங்க" என்றார்.

யாருக்காக இந்தக் குடும்பம் என்பது அப்போதே விளங்கிவிட்டது. இருந்தாலும் நான் மறுக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். ஏறி இறங்கிவிடவில்லை, எம்.எஸ்சி., பி.எட். வரைக்கும் போய்விட்டு, இப்போது அதே படியில் நின்று பாடம் நடத்துகிறேன். 'உனக்கு வராது' என்று யாரும் சொல்லும்படி ஒரு வேலையை நான் விட்டுவைத்ததில்லை. அன்று மாலையே பிளாக்கைத் திறந்தேன். வருகிற கமெண்டை நான் பார்த்து 'அனுமதி' என்பதை அமுக்கினால்தான் வெளியே தெரியும்படி வைத்தேன். கெட்ட வார்த்தை வந்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை.

கெட்ட வார்த்தையா, எங்கள் ஊரிலா? எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, எழவு எதுவானாலும் போய்த் தலைகாட்ட வேண்டும். அங்கே போய் என்ன பார்த்தோம், என்ன கேட்டோம் என்பதெல்லாம் முக்கியமில்லை. 'அவிய வந்துட்டுப் போனாங்க' என்று அந்த வீட்டில் நாலு பேர் சொன்னால் போதும். பெற்றோர் கமெண்ட் பெட்டியையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்ப்பது, மண்டபத்துக்குப் போய் மாப்பிள்ளையின் மார்க் ஷீட்டைக் கேட்பதுபோல அநாகரிகம்.

ஆகவே வந்தார்கள். "அருமைங்க." "சூப்பருங்க மிஸ்." "மென்மேலும் வளரோணும் கண்ணு." ரோஜாப்பூ படம் போட்ட காலை வணக்கம். நடுவில் ஒரு அம்மா, "ஏனுங்க மிஸ், நாளைக்குக் கலர் டிரெஸ்ஸுங்களா?" என்று கேட்டிருந்தார். ஒரு பையன் தன் நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததை எழுதியிருந்தான். அதன் கீழே முதல் கமெண்ட்: "அருமை அருமை. தொடரட்டும்."

எங்கள் கணக்கு ஆசிரியர் எல்லா வகுப்பு பிளாக்கிலும் "வெரி நைஸ், கீப் இட் அப்" என்று ஒட்டிக்கொண்டே போவார். மழைக்காகப் பள்ளி விடுமுறை என்ற அறிவிப்புக்கும் அதையே ஒட்டினார். கேட்டால், "ஒரு மரியாதைக்குத்தானுங்க மிஸ்" என்றார்.

மரியாதை என்றால் கைமாற வேண்டும். ஒரு நாள் பள்ளி கேட்டில் ஒரு அம்மா என்னை நிறுத்தினார்.

"மிஸ், போன வாரம் எம் பையன் எழுதுனதுக்கு அவிய வரவே இல்லீங்க."

"யாருங்க, எங்கே வரலீங்க?"

"அதானுங்க, கமெண்டுக்கு. அதா போகுதுங்களே, அந்தப் புள்ளையோட அம்மா. இப்ப அவிய புள்ள எழுதியிருக்குது. நான் மட்டும் எதுக்குங்க போகோணும்?"

இதைத்தான் தாளாளர் குடும்பம் என்று சொன்னார்போலும்.

இந்தக் கூத்துக்கு நடுவில் என் வகுப்பில் ஒரு பெண் தினமும் தாமதமாக வந்துகொண்டிருந்தாள். தாமதமாக வந்தால் பிரேயர் முடியும்வரை கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அவள் நிற்பாள், முறைக்கவும் மாட்டாள், அழவும் மாட்டாள். வேனுக்குப் பணம் கட்டுகிற பெண், வேனை விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவாள்.

விசாரித்தேன். காரமடையைத் தாண்டி உள்ளே இருக்கிறது அவள் ஊர். வேன் அந்த ஊருக்குப் போகிறது. அவள் தெருமுனையில் நிற்காமல் தாண்டி, பெரிய தோட்டத்துக்காரர் வீட்டு வாசல்வரைக்கும் போய், அவர் மகன் ஷூ லேஸ் கட்டும்வரை தென்னைமரத்தடியில் நின்று, அவனை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. அவள் தெருப் பிள்ளைகள் மட்டும் வெளியே பாலத்துக்கு நடந்துவந்து நிற்க வேண்டும். வேன் பாலத்துக்கு வரும்போது ஆள் இல்லையென்றால் போய்விடும். அவள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதும் அதே நேரம்தான். அம்மா விடியும்போதே வேலைக்குப் போய்விடுவதால் குடம் பிடிப்பது அவள் வேலை.

ஆபீசில் கேட்டேன். "ரூட்டே அப்படித்தானுங்க மிஸ். அந்தத் தெரு சின்னதுங்க. வேன் திரும்பாதுங்க" என்றார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள் என்றால், நானே நன்றி சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

இந்த மரியாதை எனக்குப் பழக்கம்தான். நான் எந்தத் தெருவில் பிறந்தவள் என்று இந்த மாவட்டத்தில் யாரும் நேராகக் கேட்டதில்லை. ஊர்ப் பேரைச் சொன்னதும், "ஊருக்கு எந்தப் பக்கமுங்க?" என்பார்கள். கிழக்கே என்பேன். "ஓ, சரிங்க சரிங்க" என்பார்கள். அந்த இரண்டாவது 'சரிங்க'வில் தண்ணீர் டம்ளரின் நிறம்கூட மாறிவிடும். நான் சர்க்கார் பள்ளிக்கு நடந்தே போய்ப் படித்தவள். எனக்காவது வேனோடு போட்டி இருக்கவில்லை.

அந்த வாரம் பிளாக்குக்கு 'என் காலை' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாரும் பல் தேய்த்து, கடவுளை வணங்கி, பெற்றோரை வணங்கி, சத்தான உணவு உண்டிருந்தார்கள். இவள் எழுதியது இது:

"காலையில் வேன் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகும். நான் கை காட்டுவேன். டிரைவர் அண்ணாவும் கை காட்டுவார். வேன் தோட்டத்துக்குள் போய்த் திரும்பி வருவதற்குள் நான் குடத்தை வைத்துவிட்டுப் பாலத்துக்கு ஓட வேண்டும். எங்கள் தெருவுக்குள் வேன் வராது. அதனால் வேனும் நானும் தினமும் பந்தயம் ஓடுகிறோம். பெரும்பாலும் வேன்தான் ஜெயிக்கும்."

"போட்டுடலாமா?" என்று அவளைக் கேட்டேன்.

"போடுங்க மிஸ். நெசந்தானுங்களே."

"அம்மாகிட்டச் சொன்னியா?"

"படிச்சுக் காட்டினேனுங்க. வேன் ஜெயிக்கற எடத்துல சிரிச்சுதுங்க."

போட்டேன். அன்றைக்குப் பார்த்து முதல் ஆளாக வந்தவர் அந்தப் பெரிய தோட்டத்துக்காரர். "அருமையான பதிவு. அதிகாலையில் எழுவது உடலுக்கு நல்லது" என்று எழுதியிருந்தார். அவர் தலைகாட்டிய இடத்தில் மற்றவர்கள் வராமல் இருக்க முடியுமா? சாரி சாரியாக வந்தார்கள். பந்தயம் என்ற சொல் மட்டும் கண்ணில் பட்ட ஒரு அம்மா, "விளையாட்டுப் போட்டியில் மேலும் பல வெற்றிகள் பெற வாழ்த்துகள் கண்ணு" என்றார். கணக்கு ஆசிரியர் தன்னுடையதை ஒட்டினார். கடைசியில் தாளாளரே வந்தார்: "நம் பள்ளியின் பெருமை. எல்லா மாணவர்களும் இந்த மாணவியைப் பின்பற்ற வேண்டும்." எல்லாரும் வேன் பின்னால் ஓட வேண்டும் என்று அவர் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அதுவரை எந்தப் பதிவுக்கும் அத்தனை கமெண்ட் வந்ததில்லை. தாளாளருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அந்தப் பக்கத்தைக் கமெண்டுகளோடு அப்படியே ஆளுயர ஃப்ளெக்ஸ் அடித்துக் கேட்டில் கட்டச் சொன்னார். "படிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று நான் கேட்டிருக்கலாம். ஆனால் பெரியவர்களை அப்படிக் கேட்பது மரியாதையில்லை. நானும் இந்த ஊர்க்காரிதானே.

ஃப்ளெக்ஸ் சில நாள் காற்றில் ஆடியது. பெற்றோர் அதன்முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு நாள் உக்கடத்திலிருந்து புதிதாக எங்கள் பக்கம் குடிவந்த ஒருவர் மகளைச் சேர்க்க வந்தார். ஆபீசில் ஆள் இல்லாததால் கேட்டில் நின்று, வேறு வேலையில்லாமல், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டார். உள்ளே போய்த் தாளாளரிடம், "ஏனுங்க சார், எங்க பொண்ணும் வேன்கூட ஓடித்தான் வரோணுமுங்களா?" என்று கேட்டாராம்.

தாளாளர் வெளியே வந்து முதல்முறையாகப் படித்தார். அரை மணி நேரத்தில் ஃப்ளெக்ஸ் சைக்கிள் ஷெட் கூரைமேல் மழைக்கு மறைப்பாகிவிட்டது. என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

"மிஸ், அதை எடுத்துப்போடுங்க" என்றார் தாளாளர்.

"எதைங்க சார்?"

"அந்தப் புள்ள எழுதுனதைத்தான்."

"எடுத்துடலாமுங்க. எடுத்தா கீழ இருக்கற கமெண்டும் கூடவே போயிருமுங்க. உங்களுது போகுது. தோட்டத்துக்காரருதும் போயிரும். அவர் மொத ஆளா வந்து எழுதுனதுங்க. நாம அழிச்சுப்போட்டோமுன்னு அவருக்குத் தெரிஞ்சா என்ன நெனைப்பாருங்களோ."

தாளாளர் பேனாவை மூடினார், திறந்தார். பந்தியில் உட்கார்ந்த மனிதரை இலையோடு எழுப்பிவிடச் சொன்னதுபோல ஆகிவிட்டது அவர் முகம்.

"அப்ப அவளையே வேற மாதிரி எழுதச் சொல்லுங்க. வேன் தெருவுக்குள்ளாறயே வருதுன்னு."

"வந்தா எழுதுவாளுங்க சார். வராததை எழுத அவளுக்குத் தெரியாதுங்க."

தாளாளர் பேனாவை மேசைமேல் போட்டார். "சரி. நாளைக்கு ஒரு நாளைக்கு உள்ள போகச் சொல்றேன். நீங்களும் போங்க. ஒரு போட்டோ எடுத்துப் போட்டுருங்க. அதோட முடிஞ்சுது" என்றார்.

மறுநாள் வேனின் முன்சீட்டில் நான் இருந்தேன். தெருவுக்குள் நுழைந்த வேன் கோயில் முன்னால் இருந்த காலியிடத்தில் ஒரே வளைப்பில் திரும்பி நின்றது.

"திரும்புதுங்களே அண்ணா" என்றேன்.

"திரும்புமுங்க மிஸ்" என்றார் டிரைவர். "திரும்பாதுன்னு நான் எப்பங்க சொன்னேன்? ஆபீசுல சொன்னாங்க. திரும்பாதுன்னு ஓட்டினேன்."

அன்று அந்தப் பெண்ணின் அம்மா வேலைக்குக் கொஞ்சம் பிந்திப் போகலாமென்று தெருவில் நின்றார். கூடவே இன்னும் சில அம்மாக்கள். நான் போட்டோ எடுத்தேன். மகள் ஏறி உட்கார்ந்ததும் அவர் கேட்டார்: "நாளைக்கும் வருமுங்களா, அம்மணி?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"அதை பிளாக்குல கேளுங்கக்கா. போட்டோவுக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கும். எல்லாரும் அதுலதான் வந்துட்டுப் போறாங்க."

அவர் கேட்கவில்லை. அதைவிட நன்றாகச் செய்தார். மகளை விட்டுத் தட்டச் சொல்லி இப்படி எழுதினார்: "இன்னைக்கு வேன் எங்க தெருவுக்குள்ள வந்துதுங்க. கரஸ்பாண்டண்ட் சாருக்கு ரொம்ப நன்றிங்க. அவிய நல்லா இருக்கோணுமுங்க." அனுமதி என்று அமுக்கினேன். அடுத்த வீட்டு அம்மாவும் நன்றி சொன்னார். அதற்கடுத்த வீட்டு அம்மாவும். இத்தனை பேர் ஊரறிய நன்றி சொன்ன பிறகு அடுத்த நாள் வேனை நிறுத்த எங்கள் ஊரில் எந்தத் தாளாளருக்கும் முகம் இருக்காது. "நன்றி. பள்ளி என்றும் உங்களுடன்" என்று அவரும் பதில் எழுதவேண்டியதாயிற்று. அவர்கள் தினமும் நன்றி சொன்னார்கள். வேனும் தினமும் போனது.

ஒரு திங்கட்கிழமை வேன் உள்ளே போகவில்லை. புது டீச்சர் ஒருவரை ஏற்ற வேண்டும், நேரமில்லை என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். பிளாக்கில் அந்தப் பெண்ணின் அம்மா எழுதினார்: "இன்னைக்கு வேனைக் காணமுங்க. சாருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா? மனசு கேக்கலீங்க."

அனுமதி.

வழக்கம்போல யாரும் மேலே இருந்ததைப் படிக்கவில்லை. 'சாருக்கு ஒடம்பு சரியில்லீங்களா' என்பது மட்டும் கண்ணில் பட்டது. தோட்டத்துக்காரர், "தாளாளர் விரைவில் நலம் பெற இறைவனை வேண்டுகிறேன்" என்று எழுதினார். அப்புறம் கேட்கவேண்டுமா? அன்று மாலை தாளாளர் வீட்டு வாசலில் சாத்துக்குடிப் பைகளோடு செருப்புகள் சேர்ந்துவிட்டன. நல்லபடியாக இருந்த மனிதர், வந்தவர்களுக்கெல்லாம் "ஒண்ணுமில்லீங்க, லேசா காய்ச்சலுங்க" என்று சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போய், மறுநாள் பள்ளிக்கே வரவில்லை. போன் மட்டும் வந்தது.

"மிஸ், அந்த வேன்" என்றார். "அது இனிமே எப்பவும் தெருவுக்குள்ள போயிட்டே வரட்டும். ரூட் ஷீட்லயே எழுதச் சொல்லிட்டேன்."

"சரிங்க சார். ஒடம்பு எப்படிங்க இருக்குது?"

அவர் வைத்துவிட்டார்.

கணக்கு ஆசிரியர் மட்டும் ஒரு வாரம் கழித்துத் தாமதமாக வந்து, அந்த அம்மாவின் கமெண்டுக்குக் கீழே "வெரி நைஸ், கீப் இட் அப்" என்று ஒட்டினார். அதற்கும் அனுமதி கொடுத்தேன்.

அந்தப் பெண் இப்போது பிரேயர் வரிசையில் முன்னால் நிற்கிறாள். எப்படி இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"வேன் பரவால்லீங்க மிஸ். பிரேயர்தான் ரொம்ப நேரம் நடக்குதுங்க. வெளிய நின்னப்ப தெரியலீங்க."

"அதை எழுதிக் கொடு" என்றேன்.