எதன்னு கழுவுவேன்

அந்தப் புயல் மழையில் முகத்துவாரக்குப்பத்தில் என் அக்கா வீட்டுக்குள் வெள்ளத் தண்ணீரோடு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெயும் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகும் எண்ணெய் போகவில்லை. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாய் ஒரு கோடு. பாய், பாத்திரம், அவள் மகளின் சீருடை, எல்லாம் பிசுபிசுத்தன. விம்கோ நகரிலிருந்து நான் சோறு கட்டிக்கொண்டு போனபோது அக்கா வாசலில் நின்று, கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்த ஒருவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். யூடியூப் சேனலாம்.

"இன்னாத்தப்பா சொல்றது? வூடு பூரா எண்ணெயா கீது. சோத்துப் பானைல எண்ணெய், சாமி படத்துல எண்ணெய். எதன்னு கழுவுவேன்? எதன்னு கழுவுவேன், சொல்லு!"

கறுத்த இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். கடைசியில் குரல் கீச்சென்று உடைந்தது. அவள் அழுது நான் பார்த்ததே அபூர்வம்.

கொஞ்ச நாளில் அந்தக் குரலை ராயபுரத்தில் என் ஆபீசில் கேட்டேன். பக்கத்து மேசைப் பெண் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் அழுகைக்குத் தாளம் போட்டிருந்தார்கள். ஒரு ஹாஸ்டல் பையன் அழுக்குத் துணிக் குவியலுக்கு முன்னால் நின்று அதற்கு வாயசைத்தான். அடுத்ததில் ஒரு மணப்பெண், முகத்தில் அப்பிய மேக்கப்பைக் காட்டி. அதற்கும் அடுத்து சேற்றில் புரண்ட நாய்க்குட்டி.

"செம காமெடில்ல?"

"அது எங்க அக்கா."

"ஐயோ, நிஜமாவா? ஃபேமஸ் ஆயிட்டாங்களே!"

கெட்ட பெண் இல்லை. வாழ்த்துவதாகத்தான் நினைத்தாள்.

அக்காவுக்கு முதலில் விஷயம் புரியவில்லை. சந்தையில் மீன் கூடையை இறக்கினால் யாராவது "எதன்னு கழுவுவேன்" என்பார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் பின்னாலிருந்து கைகளை விரித்துக் காட்டுவார்கள். கடைசியில் மகள்தான் அந்த ரீல்ஸைக் காட்டினாள். அக்கா இரண்டு முறை பார்த்துவிட்டு, "எண்ணெய் எங்கடி? எண்ணெயப் பத்தி சொன்னனே, அது எங்க?" என்று கேட்டாளாம். கீழே வந்திருந்த கருத்துகளை மகள் படித்துக் காட்டவில்லை. பாதிப் பேர் அவளுடைய தமிழைத்தான் கிண்டலடித்திருந்தார்கள்.

எப்படியோ அதுவும் அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியாட்களிடம் "வீடு", "இருக்கு" என்று பொறுக்கிப் பொறுக்கிப் பேச ஆரம்பித்தாள். நடுவில் நாக்கு தடுக்கினால் அப்படியே நிறுத்திவிடுவாள்.

பிறகு குப்பத்தாரின் குறைகளைக் கேட்க அதிகாரிகள் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள். தண்ணீர் லாரி வராவிட்டாலும், தெருவிளக்கு எரியாவிட்டாலும் அந்தத் தெருவுக்காகப் பேசுகிறவள் அக்காதான். பெண்கள் எல்லாரும் "நீ சொல்லுக்கா" என்று அவளை எழுப்பிவிட்டார்கள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, எங்க வீட்டுல..." என்று தொடங்கினாள். உடனே அங்கங்கே கைப்பேசிகள் உயர்ந்தன. பின்வரிசையில் ஒருவன் அதே வாக்கியத்தை அதே கீச்சுக்குரலில் சொன்னான். கூடமே சிரித்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பேசுக்கா."

"வோணாம். நான் இன்னா சொன்னாலும் அவங்களுக்கு அதான் கேக்கும்."

வேறு யாரோ ஒரு மனுவைக் கொடுத்தார்கள். அதிகாரிகள் வாங்கிக்கொண்டு போனார்கள். எண்ணெய் படிந்த வலைகளைப் பற்றி அன்று யாரும் வாயால் சொல்லவில்லை. வலை வீணானதால் மாமா இப்போது காசிமேட்டில் வேறொருவர் போட்டில் கூலிக்குப் போகிறார்.

அக்கா போனை எடுப்பதில்லை. குரல் பதிவும் அனுப்ப மாட்டாள், யாராவது எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று பயம். எண்ணெய் நெடியில் அவளுக்கு இருமல் பிடித்திருந்தது. "இருமல் எப்படி இருக்கு?" என்று நான் செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும். நல்லா இருக்கிறாளா, விட்டுவிடு என்கிறாளா, அந்த விரலைப் பார்த்து எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றினாள். நான் பேசப் பேசத் தலையாட்டினாள். அவள் கண் என் மடியில் கிடந்த கைப்பேசியிலேயே இருந்தது. அதை அணைத்து, எழுந்து போய் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அப்புறமும் அவள் பேசவில்லை.